இனாம் பிரயாணம்

கொல்லிமலைக்கு ஏறும் பாதையில் எழுபது கொண்டை ஊசி வளைவுகள். எழுபதையும் எண்ணிக்கொண்டே ஏறுவது என்று சங்கற்பம் செய்துகொண்டு, காரவள்ளியில் பஸ்ஸின் ஜன்னலோரமாக உட்கார்ந்தேன். முப்பது வரையில் ஒழுங்காக எண்ணினேன். அதற்குமேல் மேகத் துண்டு ஒன்று டிக்கெட் வாங்காமலே ஜன்னல் வழியாக உள்ளே வந்து என் பக்கத்தில் உட்கார்ந்துகொண்டது. அதோடு கணக்குத் தவறிவிட்டது. ஒவ்வொரு வளைவிலும் எண் எழுதிய பலகை நட்டிருக்கிறார்கள், நான் எண்ணவேண்டிய அவசியமே இல்லை என்பது செம்மேட்டில் இறங்கிய பிறகுதான் தெரிந்தது. என் வாழ்க்கையில் நான் போட்ட கணக்குகளில் பாதி இப்படிப்பட்டவைதான்.

போனது ஆடி மாதம். பதினேழு, பதினெட்டுத் தேதிகளில் வல்வில் ஓரி விழா நடக்கும். செம்மேட்டில் ஓரியின் சிலைக்கு மாலை போடுவார்கள். வில் போட்டி வைப்பார்கள். விழாவைப் பார்த்துவிட்டுக் குண்டனி நாட்டிலிருக்கும் நண்பர் வீட்டில் இரண்டு நாள் தங்குவதாக ஏற்பாடு.

நாடு என்றதும் வாசகர்கள் கோட்டையும் கொத்தளமும் தேடவேண்டாம். கொல்லிமலையில் ஊராட்சி ஒவ்வொன்றுக்கும் நாடு என்றுதான் பெயர். வாழவந்தி நாடு, அரியூர் நாடு, வளப்பூர் நாடு, சேளூர் நாடு என்று பதினான்கு நாடுகள். அவற்றுள் ஒன்று குண்டனி நாடு. கடல் மட்டத்துக்கு மேல் ஆயிரம் மீட்டருக்குக் குறையாத உயரம். பலாவும் வாழையும் மரவள்ளியும், சில்வர் ஓக் மரத்தில் படர்ந்த மிளகுக் கொடியும், நிழலில் காப்பிச் செடியும். என் நண்பர் பள்ளிக்கூடத் தலைமை ஆசிரியராக இருந்து ஓய்வு பெற்றவர். மலை முழுவதும் அவருக்கு 'வாத்தியார்' என்றுதான் பெயர். நானும் அப்படியே அழைத்துப் பழகிவிட்டேன்.

அன்று சாயங்காலம் வாத்தியார் வீட்டுத் திண்ணையில் ஒரு மந்திராலோசனை நடந்தது. வாத்தியாரின் பிள்ளை பெங்களூரில் கம்ப்யூட்டர் கம்பெனியில் வேலை பார்க்கிறான். மாதம் இரண்டு தரம் ஆகாய விமானத்தில் பறக்கிறவன். விமானக் கம்பெனிகள் அப்படிப் பறக்கிறவர்களுக்குப் புள்ளி போடுகின்றன. கடனட்டையில் பெட்ரோல் போட்டால் அதற்கும் புள்ளி, மளிகை வாங்கினால் அதற்கும் புள்ளி. புள்ளிகள் சேர்ந்தால் அவற்றைக் கொடுத்து டிக்கெட் வாங்கிக்கொள்ளலாம். ஆறு வருஷமாக அவன் சேர்த்திருக்கிறான்.

வாத்தியாரின் பெண் சிங்கப்பூரில் நர்ஸாக இருக்கிறாள். அவளுக்கு வைகாசியில் குழந்தை பிறந்திருந்தது. அடுத்த வைகாசியில் குழந்தைக்கு ஒரு வயது நிறையும். பள்ளிக்கூடத்துக்குக் கோடை விடுமுறையும் அப்போதுதான். வாத்தியார், அவர் மனைவி, வாத்தியாரின் தாயார், பிள்ளை, மருமகள், பேத்தி ஆக ஆறு பேரும் புள்ளிகளைக் கொண்டே சிங்கப்பூர் போய்வருவது என்று திட்டம். வீட்டுக்குள் கைப்பேசிக்குச் சிக்னல் கிடைக்காது. ஆகவே பையன் வீட்டுக்குப் பின்னாலிருந்த பாறைமேல் ஏறி நின்று பார்ப்பதும், இறங்கி வந்து காகிதத்தில் குறித்துக்கொள்வதுமாக இருந்தான். மூன்றாவது தரம் இறங்கி வந்தபோது முகம் தொங்கிப் போயிருந்தது.

"நாலு பேருக்குத்தாம்பா வருது. ஆறு பேருக்குப் பத்தாது. ஒரு வருஷம் பொறுத்தா மொத்தமும் சேர்ந்துடும். அதுக்கடுத்த கோடைக்குப் போயிடலாம்" என்றான்.

"அப்படியே செய்யலாம். இனாமா வர்றதை எதுக்கு விடணும்?" என்றார் வாத்தியார்.

இனாம் என்ற அந்த வார்த்தை என்னைச் சுருக்கென்று தைத்தது. ஏன் தைத்தது என்பதைக் கடைசியில் சொல்கிறேன். அதற்கு முன், இனாமாகப் பிரயாணம் செய்வது என்ற ஆசை நம்மவரிடையே எத்தனை பழையது என்பதைப் பார்க்கலாம். ஓரியின் மலையில் உட்கார்ந்துகொண்டு அதை யோசிக்காமல் எப்படி இருக்க முடியும்?

ஓரி கடையெழு வள்ளல்களில் ஒருவன். வன்பரணர் என்ற புலவர் அவனைப் பாடியிருப்பது புறநானூற்றில் 152, 153 ஆகிய பாட்டுக்களாக இருக்கிறது. காட்டில் ஒரே அம்பால் யானை முதல் உடும்பு வரை வீழ்த்திய வேடன் ஒருவனைப் பாணர் கூட்டம் சந்திக்கிறது. தான் யார் என்பதைச் சொல்லாமலே அவன் கூட்டத்துக்கு விருந்து வைத்துப் பொன்னும் மணியும் கொடுத்து அனுப்புகிறான். அக்காலத்துப் பாணனும் பொருநனும் கூத்தனும் குடும்பத்தோடு பிரயாணம் செய்தவர்கள். யாழைத் தோளில் மாட்டிக்கொண்டு, பெண்டு பிள்ளைகளோடு காடு மலை கடந்து வள்ளலைத் தேடிப் போவார்கள். பரிசு பெற்றுத் திரும்புகிறவன், எதிரே வரும் ஏழைப் பாணனுக்கு, 'இந்த வழியாகப் போ. இன்ன ஊரில் இன்ன சோறு கிடைக்கும். இன்னாரைப் பார்' என்று வழி சொல்லி அனுப்புவதற்கு ஆற்றுப்படை என்று பெயர். பத்துப்பாட்டில் சரிபாதி, அதாவது ஐந்து, ஆற்றுப்படைகளே.

வாத்தியாரின் பிள்ளை அன்று சாயங்காலம் பாறைமேல் நின்று படித்துக்கொண்டிருந்தது என்ன? எந்தக் கம்பெனிப் புள்ளியை எந்தக் கம்பெனிக்கு மாற்றலாம், எந்த மாதத்தில் இடம் கிடைக்கும் என்று முன்னால் போய்வந்தவர்கள் எழுதி வைத்திருக்கும் குறிப்புக்களைத்தான். அதுவும் ஆற்றுப்படையே. ஆனால் ஒரு வித்தியாசம். ஓரி கொடுத்தபோது கணக்கு வைத்துக்கொள்ளவில்லை. 'இரண்டாயிரம் பாட்டுப் பாடினால் ஒரு யானை. பாட்டுக்கள் மூன்று வருஷத்துக்குள் காலாவதியாகும்' என்று அவன் பனையோலையில் விதி எழுதி மாட்டவில்லை.

இரண்டாவது வகை இனாம் பிரயாணம் நம் பாட்டன்மார் காலத்தது. என் குடும்பத்தோடு சம்பந்தப்பட்டது. மலாயாவில் ரப்பர் தோட்டங்கள் பெருகிய காலத்தில் தமிழ்நாட்டுக் கூலியாட்கள் ஏராளமாகத் தேவைப்பட்டார்கள். ஒப்பந்தக் கூலிமுறை அங்கே 1910-ல் முடிவுக்கு வந்தது. அதற்கு முன்பே, 1907-ல், தமிழர் குடியேற்ற நிதி என்று ஒன்றை மலாயாவின் பிரிட்டிஷ் ஆட்சியாளர்கள் ஏற்படுத்தினார்கள். தோட்ட முதலாளிகள், தங்களிடம் ஆட்கள் எத்தனை நாள் வேலை செய்தார்களோ அந்தக் கணக்குப்படி நிதிக்குப் பணம் கட்டவேண்டும். நிதியிலிருந்து புதிதாக வருகிறவர்களுக்கு ரயில் கட்டணம், முகாமில் சாப்பாடு, கப்பல் டிக்கெட் எல்லாம் கொடுக்கப்படும். கங்காணி ஊருக்கு வந்து ஆள் திரட்டுவான். ஆவடியிலும் நாகப்பட்டினத்திலும் முகாம்கள். அங்கிருந்து கப்பல். பினாங்குக்கு அருகே ஜெரஜாக் தீவில் நோய்த் தடுப்புக் காவல். அப்புறம் தோட்டம். போகிறவன் கையிலிருந்து ஒரு காசு செலவில்லை. டிக்கெட் பணத்தை அவன் திருப்பிக் கொடுக்கவும் வேண்டாம்.

'இனாம் டிக்கெட்' என்றுதான் கங்காணியும் சொல்லியிருப்பான். ஆனால் நிதிக்குப் பணம் எங்கிருந்து வந்தது? முன்னால் போனவர்கள் பால் வெட்டிய நாட்களைக் கணக்கிட்டு வந்தது. இவர்கள் கூலியில் சேரவேண்டியதுதான் அடுத்தவனுடைய கப்பல் டிக்கெட்டாக மாறியது என்று எனக்குத் தோன்றுகிறது. 1930-ஐ ஒட்டி ரப்பர் விலை விழுந்தபோது, இனாமாகக் கொண்டுபோன ஆயிரக்கணக்கானவர்களை அதே இனாமாகத் திருப்பியும் அனுப்பினார்கள். கூலித் தகராறு முற்றி, 1938-ல் இந்திய அரசாங்கம் இப்படி உதவி கொடுத்து ஆள் கொண்டுபோவதைத் தடை செய்தது.

என் பெரியப்பா அதற்கு முந்தின வருஷம், 1937-ல், இருபதாவது வயதில் போனவர். ராசிபுரத்துப் பக்கம் எங்கள் கிராமத்தில் கிணறு வற்றிப்போன வருஷம் அது. அவருக்கும் என் தகப்பனாருக்கும் எட்டு வயது வித்தியாசம். ஈப்போவுக்குப் பக்கத்தில் ஒரு தோட்டத்திலிருந்து ஆரம்பத்தில் கடிதம் வந்தது. யுத்தம் வந்தது; கடிதம் நின்றது. யுத்தம் முடிந்த பிறகு மறுபடியும் இரண்டு மூன்று கடிதங்கள். அப்புறம் ஒரு நாள் வேறு யாரோ எழுதிய கடிதம் வந்தது. பெரியப்பா இல்லை என்றும், தோட்டத்து மாரியம்மன் கோவிலுக்குப் பின்னால் அடக்கம் செய்திருக்கிறோம் என்றும் அதில் கண்டிருந்தது. அந்தக் கடிதத்தை அப்பா தம் டிரங்குப் பெட்டியில், நிலப் பத்திரத்தோடு வைத்திருந்தார்.

போய்ப் பார்க்க வழி இல்லாமல் இல்லை. சென்னையிலிருந்து நாகப்பட்டினம் வழியாகப் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் 'ரஜூலா' கப்பல் ஓடிக்கொண்டிருந்தது. 1926-ல் கட்டிய கப்பல். மேல்தட்டில் மட்டும் ஐயாயிரம் பேருக்குமேல் ஏற்றிக்கொள்ள அனுமதி இருந்தது. சட்டி பானை, ஊறுகாய் ஜாடி, பாய் தலையணை சகிதம் மூன்று தலைமுறைத் தமிழர்கள் அதில் கடல் தாண்டியிருக்கிறார்கள். 1970-களின் தொடக்கத்தில் அதை உடைக்கப் போட்டுவிட்டார்கள். பிறகு 'சிதம்பரம்' என்ற கப்பல் வந்தது. 1985-ல் அதில் தீப்பிடித்ததோடு அந்தக் கடல்வழிப் பிரயாணமும் முடிந்தது. ஆகாய விமானமோ பணக்காரர் சமாசாரம். 1948 ஜூன் 8-ந் தேதி ஏர் இந்தியாவின் 'மலபார் பிரின்ஸஸ்' பம்பாயிலிருந்து கெய்ரோ, ஜினீவா வழியாக லண்டனுக்கு முதன்முதலில் புறப்பட்டபோது, அதில் போனவர்கள் ராஜாக்களும் அவர்களை ஒத்தவர்களும்தான். 1954-ல் அந்தக் கம்பெனி சிங்கப்பூருக்கும் விமானம் விட்டது. எங்கள் கிராமத்துக்கு அதன் சத்தம்கூடக் கேட்கவில்லை.

இனி மூன்றாவது வகை இனாம்.

அமெரிக்காவில் விமானக் கட்டணத்தையும் வழித்தடங்களையும் வெகுகாலம் அரசாங்கமே நிர்ணயித்து வந்தது. 1978 அக்டோபரில் ஜனாதிபதி கார்ட்டர் கையெழுத்திட்ட சட்டம் அந்தக் கட்டுப்பாட்டை எடுத்துவிட்டது. புதுப்புதுக் கம்பெனிகள் முளைத்துக் கட்டணத்தைக் குறைத்தன. இன்று ஒரு கம்பெனி, நாளை ஒரு கம்பெனி என்று பிரயாணி தாவ ஆரம்பித்தான். அவனைக் கட்டிப்போட வேண்டுமே! அமெரிக்கன் ஏர்லைன்ஸ் கம்பெனியிடம் 'சேபர்' என்ற கம்ப்யூட்டர் முன்பதிவு ஏற்பாடு இருந்தது. பதிவுகளில் ஒரே டெலிபோன் எண் திரும்பத் திரும்ப வருகிறதா என்று தேடிப் பார்த்து, அடிக்கடி பறப்பவர்களின் ஜாபிதா ஒன்றைத் தயாரித்தார்கள். 1981 மே 1-ந் தேதி, 'எங்களோடு பறக்கும் ஒவ்வொரு மைலுக்கும் கணக்கு உண்டு. மைல் சேர்ந்தால் டிக்கெட் உண்டு' என்று அறிவித்தார்கள். சில நாட்களுக்குள் யுனைடெட் கம்பெனியும் அதையே அறிவித்தது. அப்புறம் ஒருவர் பாக்கியில்லை.

இதில் கம்பெனிக்கு நஷ்டம் இல்லையா என்று கேட்கலாம். சாயங்காலச் சந்தையில் தக்காளிக்காரியைப் பார்த்திருப்பீர்கள். விளக்கு வைக்கிற நேரத்தில் கூடையில் மிஞ்சிய தக்காளி நாளைக்கு அழுகிப்போகும். ஆகவே வழக்கமாக வருகிறவளுக்கு ஒரு கை அள்ளிப் போட்டுவிடுவாள். விமானத்தின் காலி இடம் தக்காளியைவிட மோசம். கதவைச் சாத்திய நிமிஷமே அழுகிவிடுகிறது. அதில் ஒரு பிரயாணியை உட்காரவைத்தால் சாப்பாட்டுச் செலவும், அவன் எடைக்குக் கொஞ்சம் எண்ணெயும்தான் அதிகம். ஆனால் தக்காளிக்காரி காலையில் வந்து கேட்டால் கொடுப்பாளா? கோடை விடுமுறை விமானக் கம்பெனிக்குக் காலைச் சந்தை. எல்லா இடமும் பணத்துக்கே விற்றுவிடும். இதனால்தான், பிள்ளை குட்டிகளோடு விடுமுறையில் போக விரும்புகிறவனுக்குப் புள்ளி மூட்டையாக இருந்தாலும் இடம் கிடைப்பதில்லை. தனியாளுக்கு ஒரு இடம் அகப்படும். ஒரே விமானத்தில் ஆறு இடம் என்றால் குதிரைக் கொம்பு.

பிறகு நடந்ததுதான் வேடிக்கை. 1987-ல் ஒரு பெரிய பாங்கு அமெரிக்கன் ஏர்லைன்ஸுடன் சேர்ந்து, கடனட்டையில் செலவு செய்தாலே மைல் உண்டு என்று ஆரம்பித்தது. விமானத்தில் கால் வைக்காதவனுக்கும் மைல் சேர்ந்தது. பாங்குகள் கம்பெனிகளிடமிருந்து புள்ளிகளைப் பணம் கொடுத்து வாங்கித் தங்கள் வாடிக்கைக்காரர்களுக்கு வழங்கின. இந்தப் பணம் எங்கிருந்து? அட்டையைத் தேய்க்கும் ஒவ்வொரு தரமும் கடைக்காரர் ஒரு சிறு கழிவு கொடுக்கிறார். அவர் அதை விலையில் சேர்க்காமல் தம் சட்டைப் பையிலிருந்தா கொடுப்பார்? அதே கடையில் ரொக்கம் கொடுத்துச் சர்க்கரை வாங்கும் கூலிக்காரனும் அந்த விலையைத்தான் கொடுக்கிறான். கங்காணி காலத்து இனாமும் கம்ப்யூட்டர் காலத்து இனாமும் வேறு வேறு. ஆனால் இரண்டுக்கும் பின்னால் நமக்குத் தெரியாத ஒருவன் நின்றுகொண்டு கொஞ்சம் கொடுத்திருக்கிறான்.

விமானம் விடுவதைவிடப் புள்ளி விற்பதே லாபம் என்ற நிலையும் வந்துவிட்டது. 2020-ல் கொள்ளை நோயால் விமானங்கள் தரையில் நின்றபோது, யுனைடெட் கம்பெனி தன் புள்ளித் திட்டத்தை அடகு வைத்து 680 கோடி டாலர் திரட்டியது. மறு வருஷம் அமெரிக்கன் ஏர்லைன்ஸ் அதே போல் 1,000 கோடி டாலர் திரட்டியது. பறக்காத விமானத்தைவிடப் பறந்ததன் ஞாபகத்துக்கு மதிப்பு அதிகம்!

நம் தேசத்தில், அரசாங்கக் கம்பெனிகளுக்கே விமானத் தொழில் என்று 1953-ல் போட்ட சட்டம் 1994-ல் ரத்தாயிற்று. தனியார் கம்பெனிகள் வந்தன. கூடவே புள்ளிகளும் வந்தன. கிங்ஃபிஷர் 2012 அக்டோபரில் பறப்பதை நிறுத்தியது. ஜெட் ஏர்வேஸ் 2019 ஏப்ரலில் நிறுத்தியது. ஏர் இந்தியா 2022 ஜனவரியில் மறுபடியும் டாட்டாவின் கைக்குப் போயிற்று. 2024 நவம்பரில் விஸ்தாரா அதனுடன் ஐக்கியமாயிற்று. கம்பெனி ஒவ்வொன்று சாயும்போதும், மாறும்போதும், அதை நம்பிப் புள்ளி சேர்த்தவனுக்கு வயிற்றில் புளியைக் கரைக்கும். கம்பெனி நன்றாக இருந்தாலும் மரக்கால் மாறும். டெல்டா கம்பெனி 2015-லும், அமெரிக்கன் ஏர்லைன்ஸ் 2016-லும், பறந்த தூரத்துக்குப் பதிலாகக் கொடுத்த பணத்தையே கணக்கிடத் தொடங்கின. மைல் என்ற பெயர் மட்டும் மாறவில்லை.

வாத்தியார் வீட்டு முற்றத்தில் ஒரு தொம்பை இருக்கிறது. மூங்கில் பின்னி மண் பூசிய தானியக் குதிருக்குக் கொல்லிமலையில் அந்தப் பெயர். இந்த மலையில் சாமையும் தினையும் கேழ்வரகும் அருகிப்போய் மரவள்ளி பெருகிய காலத்தில், எம். எஸ். சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் கிராமந்தோறும் விதைத் தானியம் சேமித்து, வாங்கியவன் அறுவடைக்குப் பின் திருப்பிக் கொடுக்கும் ஏற்பாட்டை உண்டாக்கியது. தொம்பை நம் முற்றத்தில் இருக்கிறது. மரக்காலும் நம் கையில் இருக்கிறது. புள்ளியோ அடுத்தவன் தொம்பையில் அவன் மரக்காலால் அளந்து போட்ட தானியம். நமக்குக் கொடுத்திருப்பது ஒரு சீட்டு மட்டுமே.

இப்போது, இனாம் என்ற வார்த்தை என்னைத் தைத்த காரணத்துக்கு வருகிறேன்.

நான் உத்தியோகத்தில் இருந்த கடைசி வருஷங்களில் அலுவலக விஷயமாக அடிக்கடி விமானத்தில் போகவேண்டியிருந்தது. ஒரு கம்பெனியில் புள்ளி சேர்ந்தது. கம்பெனியின் பெயர் வேண்டாம். அது இன்றைக்கும் சௌக்கியமாகப் பறந்துகொண்டிருக்கிறது. 2010 கோடையில், அப்பாவையும் அம்மாவையும் என் மனைவி மக்களையும் அழைத்துக்கொண்டு மலேசியா போவது என்று தீர்மானித்தேன். ஐந்து பேர். கணக்குப் பார்த்தால் மூன்றரைப் பேருக்குப் புள்ளி இருந்தது. மீதி ஒன்றரை டிக்கெட்டைக் காசு கொடுத்து வாங்க எனக்கு வசதி இல்லாமல் இல்லை. ஆனால் இனாம் என்று ஒரு தரம் மனசில் விழுந்துவிட்டால், அதற்குமேல் நூறு ரூபாய் கொடுப்பதுகூட ஏமாந்துபோன மாதிரி தோன்றுகிறது. 'அடுத்த கோடைக்கு மொத்தமும் சேர்ந்துவிடும், அப்பா' என்றேன்.

"எனக்கென்னப்பா அவசரம்? அங்கே போய் என்ன பார்க்கப் போகிறேன்? உனக்கு எப்போது சௌகரியமோ அப்போது போவோம்" என்றார் அப்பா.

அதை நான் நம்பிவிட்டேன்.

அடுத்த கோடைக்குள் கம்பெனி தன் அட்டவணையை மாற்றிவிட்டது. ஐந்து பேருக்குச் சேர்ந்திருந்த புள்ளி மறுபடியும் மூன்று பேருக்குத்தான் காணும் என்றாயிற்று. 'இன்னும் ஒரே ஒரு வருஷம்' என்றேன். 2012 மாசியில் அப்பா இறந்துபோனார். எண்பத்தேழு வயது, கல்யாணச் சாவு என்று ஊரார் சொன்னார்கள். டிரங்குப் பெட்டியைத் திறந்தபோது, பழைய கடிதத்தோடு புத்தம் புதிய பாஸ்போர்ட் ஒன்று இருந்தது. நான் எடுத்துக் கொடுத்ததுதான். அதோடு ஒரு காகிதப் பொட்டலமும் இருந்தது. பிரித்துப் பார்த்தேன். எங்கள் கொல்லைக் கிணற்றடி மண். அண்ணன் சமாதியில் போடுவதற்காக எடுத்து வைத்திருக்கிறார். 'எனக்கென்ன அவசரம்' என்று சொன்ன மனிதர்!

இதைக் குண்டனி நாட்டுத் திண்ணையில் சொல்லி முடித்தபோது யாரும் பேசவில்லை. உள்ளேயிருந்து வாத்தியாரின் தாயார் வந்து வாசற்படியில் உட்கார்ந்தார். எண்பது வயதுக்கு மேல். எழுபது வளைவையும் இறங்கி நாமக்கல் வரையில் போனதே விரல்விட்டு எண்ணும்படிதான்.

"எனக்காவ யாரும் ரோசனை பண்ண வேண்டாம் சாமி. நாலு பேருக்கு இருக்குதுன்னா நாலு பேரு போயிட்டு வரட்டும். நான் மாடு கண்ணைப் பாத்துக்கிட்டு இங்கேயே இருக்கேன். போட்டாவுல பாத்தாப் போதும்" என்றார்.

எனக்கு மறுபடியும் ஓரியின் நினைவு வந்தது. புறநானூற்றில் அவனைப் பற்றிய இன்னொரு பாட்டு 204-ஆவது. கழைதின் யானையார் பாடியது. கேட்பது, மறுப்பது, கொடுப்பது, கொடுத்ததை வேண்டாம் என்பது ஆகிய நான்கையும் தராசில் வைத்து நிறுத்துப் பார்க்கிறார் புலவர். கொடுப்பதைவிட, வேண்டாம் என்பதே உயர்ந்தது என்கிறார். பள்ளிக்கூடத்தில் படித்த காலத்திலிருந்து எனக்குப் பிடித்த பாட்டு. ஆனால் புலவர் பேசுவது வள்ளலுக்கும் இரவலனுக்கும் இடையே உள்ள வழக்கை. பெற்ற பிள்ளைகளிடம் வயதானவர்கள் 'வேண்டாம்' என்று சொல்வது வேறு பாஷை. அதற்கு அகராதி கிடையாது. அதை அப்படியே அர்த்தம் செய்துகொண்டவன் நான்.

பையன் பேசாமல் எழுந்து பாறைக்குப் போனான். நான் அவன் பின்னாலேயே போனேன். தூரத்தில் பள்ளத்தாக்கு முழுதும் மேகம் நிரம்பிக் கடல்போல் கிடந்தது.

"மாமா, நாலு பேருக்குப் புள்ளி, ரெண்டு பேருக்குக் காசு. தையில மிளகு எடுத்துடுவோம். சரியா இருக்கும்" என்றான்.

எனக்குத் தெரிந்த சிறு உபதேசங்களை அவனுக்குச் சொன்னேன். பட்டு அறிந்தவன் சொல்வது என்று வாசகர்களும் எடுத்துக்கொள்ளலாம். புள்ளியில் கொடுக்கும் இடங்களைப் பல கம்பெனிகள் ஏறத்தாழ பதினோரு மாதம் முன்பே திறந்து வைக்கின்றன. கோடைக்குப் போகிறவன் ஆடியிலேயே கதவைத் தட்டவேண்டும். பாங்குப் புள்ளியை விமானக் கம்பெனிக்கு மாற்றிவிட்டால் பெரும்பாலும் திரும்பி வராது. ஆகவே இடம் இருப்பதைக் கண்ணால் பார்த்த பிறகே மாற்றவேண்டும். இனாம் டிக்கெட்டுக்கும் வரியும் கட்டணமும் உண்டு. அதையும் சேர்த்துக் கூட்டிப் பார்க்கவேண்டும். ஆறு பேரும் ஒரே விமானத்தில்தான் போகவேண்டும் என்று பிடிவாதம் பிடிக்கவேண்டாம். ஆனால் வயதானவரைத் தனியே விடவும் வேண்டாம். திருச்சியிலிருந்து சிங்கப்பூருக்கு நேரே விமானம் உண்டு. ஆனால் அங்கிருந்து பறப்பவை பெரும்பாலும் மலிவுக் கட்டணக் கம்பெனிகள். காசு கொடுத்து வாங்கும் டிக்கெட்டுக்கு அது சௌகரியம். புள்ளிக்குச் சென்னையும் பெங்களூரும்தான். எல்லாவற்றுக்கும் முன்னால் அப்பாயிக்குப் பாஸ்போர்ட் எடுக்கவேண்டும். பிறந்த தேதி அவருக்கே தெரியாது. ஆதார் அட்டையில் எவரோ எழுதிய ஒரு தேதி இருந்தது. இனி அதுதான் அவர் பிறந்த நாள்.

பையன் நாலு டிக்கெட்டைப் புள்ளியில் வாங்கினான். வாத்தியாரும் அவர் தாயாரும் போவதற்கு, திருச்சியிலிருந்து இரண்டு டிக்கெட் மிளகுப் பணத்தில். விலை கொடுத்து வாங்கிய அந்த இரண்டு இடந்தான் ஒரு நாள் முன்னதாகப் போய்ச் சேர்ந்தது.

இந்த வைகாசியில் எனக்கு ஒரு படம் வந்தது. சிங்கப்பூரில் ஏதோ அடுக்கு மாடி வீட்டின் பன்னிரண்டாவது மாடி. கொல்லிமலைக் கண்டாங்கிச் சேலையில் அப்பாயி நாற்காலி நுனியில் உட்கார்ந்திருக்கிறார். மடியில் கொள்ளுப்பேரன். அவன் கையில் ஒரு வாழைப்பழம். மலையிலிருந்து துணியில் சுற்றி, சுங்கக்காரர் கண்ணில் படாமல் எப்படியோ கொண்டுபோயிருக்கிறார். வாத்தியார் போனில் சொன்னார்: "விமானம் மேகத்துக்குள்ளே போனப்ப நான் பயந்துட்டேன். அம்மா மட்டும், 'இதென்னடா, நம்ம ஊட்டு வாசல் மாதிரிதானே இருக்குது' ன்னாங்க."

அந்தப் படத்தை அப்பாவின் டிரங்குப் பெட்டியில் வைத்திருக்கிறேன். மண் பொட்டலம் இப்போது அங்கே இல்லை. 2013-ல் நான் ஒருவனாகப் போய் ஈப்போவில் போட்டுவிட்டு வந்தேன். தோட்டம் இருந்த இடத்தில் வரிசை வரிசையாக வீடுகள் எழும்பியிருந்தன. மாரியம்மன் கோவில் இருந்தது. அதன் பின்னால் எந்த இடம் என்று காட்ட ஆள் இல்லை. பொதுவாகத் தூவிவிட்டு வந்தேன்.

அந்தப் பிரயாணத்துக்கு டிக்கெட்டைக் காசு கொடுத்துத்தான் வாங்கினேன். புள்ளிகள் அதற்குள் காலாவதியாகிவிட்டன.